18 வயதுப் பையனை இன்டர்மீடியட் ஹர்லிங் அணிக்கு ஏற்றலாமா?

டிப்பரரி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தில், கவுண்டி (மாவட்டம்) டிப்பரரியில் ஒரு சின்ன கிராமத்தில் இருக்கிறோம். மருத்துவமனை வேலைக்காக வந்து 14 வருஷம் ஆகிறது. வந்தபோது மகனுக்கு 4 வயது. அவனுடைய 6 வயதில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பழைய ஹர்லியை, அதாவது இந்த ஊர் ஆட்டமான ஹர்லிங்கில் பந்தை அடிக்கும் மர மட்டையை, கொடுத்தான். இவன் அதைக் கிரிக்கெட் மட்டை மாதிரி இடது கையை மேலே வைத்துப் பிடித்தான். ஹர்லிங்கில் வலக்கைக்காரனுக்கு வலது கைதான் மேலே வர வேண்டும். அவனுடைய முதல் கோச் அந்தக் கோடை முழுக்கப் பக்கத்தில் வந்து வந்து கையை மாற்றி வைத்தார். அன்றிலிருந்து ஹர்லி இல்லாமல் அவனை வீட்டில் பார்த்ததே குறைவு.

பிப்ரவரியில் 18 முடிந்தது. ஜூனில் லீவிங் சர்ட் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதிவிட்டான். எங்கள் கிளப்பில் பெரியவர்களுக்கு இரண்டு அணி. முதல் அணி சீனியருக்குக் கீழான இன்டர்மீடியட் பிரிவில், இரண்டாவது அணி அதற்கும் கீழான ஜூனியர் பி பிரிவில் ஆடுகிறது. இந்த வருஷம் லீக்கில் ஜூனியர் பி அணிக்கு மூன்று ஆட்டம் விங் ஃபார்வர்டாக (ஓரத்தில் நின்று தாக்கி ஆடுபவனாக) ஆடினான். கடைசி ஆட்டத்தில் 5 பாயிண்ட் எடுத்தான் (கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிக்கு மேலே பந்தை அடித்தால் ஒரு பாயிண்ட்), ஒன்றுகூட ஃப்ரீயில், அதாவது எதிரணி தவறுக்குக் கிடைக்கும் அடியில், வந்ததில்லை.

போன வியாழக்கிழமை முதல் அணியின் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். சாம்பியன்ஷிப்புக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, இவனை முதல் அணியில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன் என்றார். நல்ல மனிதர். மகன் பதிலே பேசவில்லை, கையில் இருந்த ஸ்லிட்டரை (ஹர்லிங் பந்தை) உருட்டிக்கொண்டே இருந்தான். அவர் போனதும் மாடிக்கு ஓடி நண்பர்களுக்கெல்லாம் போன் செய்தான்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பையன் 5 அடி 8 அங்குலம், 64 கிலோ. இன்டர்மீடியட்டில் எதிரே நிற்கப் போகிறவர்களை எனக்குத் தெரியும். 30 வயது, 95 கிலோ, பகலெல்லாம் பண்ணையில் உழைத்துவிட்டு வருகிறவர்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். கோடையில் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் விரல் உடைந்தவர்கள் ஜெர்ஸியோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

கணவர், "அவர்களே கூப்பிடும்போது மறுப்பதா?" என்கிறார். இப்போதே அனுப்பலாமா, அடுத்த வருஷம் பார்க்கலாமா? எதை வைத்து முடிவு செய்வது? மேனேஜரிடம் என்ன கேட்க வேண்டும்? ஹர்லிங் ஆடும் பிள்ளைகளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.


கால்வே மழை:

அக்கா, முதலில் வாழ்த்துகள்! நம் பிள்ளை ஒருவன் கிளப்பின் முதல் அணி வரை வந்திருக்கிறான் என்பதே பெரிய சந்தோஷம்.

என் கருத்து, அனுப்புங்கள். 2006 மார்ச் 17 அன்று போர்ட்டும்னா கிளப் அகில அயர்லாந்து சீனியர் கிளப் பட்டத்தை வென்றபோது அதில் ஆடிய ஹர்லிங் நட்சத்திரம் ஜோ கேனிங்குக்கு 17 வயதுதான். அன்று அவரை வயதைச் சொல்லி உட்கார வைத்திருந்தால்? திறமை இருக்கிறவனைக் கீழேயே வைத்திருந்தால் சலித்துப்போய்விடுவான். கொஞ்சம் அடி படும். அடி படாமல் யாரும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டதில்லை.


பழைய செலக்டர்:

தங்கச்சி, நான் கில்கென்னிப் பக்கம். 12 வருஷம் சிறுவர் அணிகளுக்குக் கோச்சாகவும் நான்கு வருஷம் பெரியவர்கள் அணியில் செலக்டராகவும் இருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பி சொன்ன போர்ட்டும்னா விஷயம். உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே 2004, 2005 இரண்டு வருஷமும் கால்வே மைனர் (18 வயதுக்குட்பட்டோர்) அணியோடு அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கியவர் கேனிங். நாம் 17 என்ற எண்ணை மட்டும் பார்க்கிறோம். அதற்குக் கீழே இருந்த படிகளைப் பார்ப்பதில்லை.

உங்கள் பயம் எடையைப் பற்றியது. அதைவிட எனக்கு இன்னொரு பயம் பெரிது. என் மூத்த மகன் கதையைச் சொல்கிறேன்.

அவனுக்கும் அப்போது 18. அவனும் ஃபார்வர்ட். சாம்பியன்ஷிப் முதல் சுற்றில் எங்கள் முதல் அணி 9 பாயிண்ட் முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய 4 நிமிடம் இருக்கும்போது பையனுக்கு ஆசை தீரட்டும் என்று இறக்கினார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நான் எல்லைக்கோட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பந்து அவன் பக்கம் இரண்டு முறை வந்தது. அவ்வளவுதான். அந்த 4 நிமிடத்தால், எங்கள் கவுண்டியின் அன்றைய விதிப்படி, அவன் அந்த வருஷம் இரண்டாவது அணிக்குச் சாம்பியன்ஷிப் ஆட முடியாதவன் ஆகிவிட்டான். முதல் அணியில் அதற்கப்புறம் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஐந்து ஆட்டம் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். அதே வருஷம் எங்கள் ஜூனியர் அணி இறுதி ஆட்டம் வரை போனது. அவனோடு 7 வயதிலிருந்து ஆடியவர்கள் உள்ளே ஆட, இவன் வெளியே தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அடுத்த மார்ச்சில் பயிற்சிக்கு வந்தபோது முதல் தொடுதலே போயிருந்தது. முன்பெல்லாம் பந்து அவன் ஹர்லியில் ஒட்டிக்கொள்ளும், அப்போது துள்ளிக்கொண்டு ஓடியது. இரண்டு வருஷத்தில் படிப்புக்காக டப்ளின் போனான், ஆட்டத்தை விட்டுவிட்டான். இன்றைக்கு அவன் வீட்டில் ஒரு ஹர்லிகூட இல்லை. நான் அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அந்தக் கேள்வி இதுதான்: "ஒவ்வொரு ஞாயிறும் என் பையன் எத்தனை நிமிடம் ஆடுவான்?" பெரியவர்கள் கிளப் ஆட்டம் 60 நிமிடம். முதல் 15 பேரில் அவன் இருக்கிறானா? இல்லை, முதலில் இறங்கும் இரண்டு மூன்று சப்களில் ஒருவனா? 20ஆவது ஆள் என்றால் அது பதவி உயர்வு இல்லை தங்கச்சி, ஒரு வருஷ விடுப்பு. 18 வயதில் அந்த ஒரு வருஷத்தின் மதிப்பு மிக அதிகம்.

இரண்டாவது கேள்வியை மேனேஜரிடம் கேட்காதீர்கள், கிளப் செயலாளரிடம் கேளுங்கள். மேல் அணிக்குச் சாம்பியன்ஷிப்பில் இறங்கினால் கீழ் அணிக்குத் திரும்பலாமா, எத்தனை ஆட்டம் வரை, சப்பாக இறங்கினாலும் கணக்கா, திரும்ப ரீகிரேட் (கீழ்ப் பிரிவுக்கு மாற்றம்) கேட்க வழி உண்டா என்று. இது கவுண்டிக்குக் கவுண்டி மாறும், அந்தந்த கவுண்டி போர்டின் பை-லாவில் (உள்விதிகளில்) இருக்கும். பக்கத்துக் கவுண்டிக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம். செயலாளர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். பையன் தயாரா என்று நான் பார்ப்பது உயரத்தை இல்லை, அவனுடைய வீச்சை. சிறுவர் ஆட்டத்தில் பந்தை எடுத்து, நிமிர்ந்து பார்த்து, ஹர்லியை முழுசாகப் பின்னால் கொண்டுபோய் அடிக்க நேரம் கிடைக்கும். இன்டர்மீடியட்டில் கிடைக்காது. அப்படி நீளமாக வீசினால் பின்னாலிருந்து ஒருவன் ஹர்லியை நீட்டி ஹூக் செய்துவிடுவான், அதாவது வீச்சைத் தடுத்துவிடுவான். குட்டையாக, மணிக்கட்டால் அடிக்கத் தெரிந்த 60 கிலோ பையன் தப்பிப்பான். நீளமாக மட்டும் அடிக்கத் தெரிந்த 80 கிலோ பையன் திணறுவான். மூன்று ஆட்டத்தில் எத்தனை முறை ஹூக் ஆனான் என்று உங்கள் மகனையே கேட்டுப் பாருங்கள். அவன் கணக்கு வைத்திருப்பான்.

அப்புறம், பலவீனமான கைப் பக்கம் பந்து வரும்போது என்ன செய்கிறான்? எளிதான பாயிண்டை வெளியே அடித்த பிறகு அடுத்த பந்துக்கு ஓடுகிறானா, ஒளிகிறானா? ஒளிகிறவன் என்றால் ஒரு வருஷம் பொறுக்கலாம். அது குணக்குறை இல்லை, அந்த வயசு அப்படி.

இதில் பையன் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. 2025இல் உங்கள் டிப்பரரி சீனியர் அணியில் டாரா மெக்கார்த்தியைப் பார்த்தீர்களே, 19 வயது. கார்க் அணியோடு மன்ஸ்டர் மாகாணச் சுற்றில் ஆட்டம் தொடங்கும் முன்பே சிவப்பு அட்டை. அரையிறுதியில் கில்கென்னியோடு மறுபடியும் வெளியேற்றம். எங்கள் ஊரில் எல்லோரும் அந்தப் பையன் முடிந்தான் என்றார்கள். இறுதி ஆட்டத்தில் அவனையே இறக்கினார்கள், ஒரு கோலும் 13 பாயிண்டும் எடுத்தான். உங்கள் கிளப் மேனேஜர் அப்படி நிற்பாரா? முதல் 20 நிமிடத்தில் இரண்டு பந்து தவறினால் தூக்கிவிடுவாரா? இதையும் நேராகக் கேளுங்கள். நல்ல மேனேஜர் கோபப்பட மாட்டார்.


பிசியோ தங்கை:

நான் லிமெரிக்கில் பிசியோதெரபிஸ்ட். அண்ணா சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

அக்கா, நீங்கள் விரல்களைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். என்னிடம் இந்த வயதில் அதிகம் வருவது தொடையின் பின் தசையும் இடுப்பு மடிப்பும்தான். பெரும்பாலும் மோதியதால் இல்லை, அதிகமாக ஓடியதால். 18, 19 வயதுப் பையன் ஒரே வாரத்தில் எத்தனை பேருக்குச் சொந்தம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதல் அணிப் பயிற்சி இரண்டு நாள், ஜூனியர் ஆட்டம், அவன் வயதுப் பிரிவு ஆட்டம், ஜிம். கால்பந்தும் ஆடுகிறானா, அதாவது கேலிக் ஃபுட்பால்? ஒவ்வொரு மேனேஜருக்கும் தன் இரண்டு நாள்தான் தெரியும். மொத்தமும் தெரிந்தவர் வீட்டில் நீங்கள் ஒருவர்தான். எனவே மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் பேசுகிறார்களா என்று கேளுங்கள். பேசாவிட்டால் அந்தத் தாளை நீங்களே அனுப்புங்கள்.

மோதல் பற்றி: விதிப்படி ஒரு காலாவது தரையில் இருக்க, பக்கவாட்டில் தோளோடு தோள்தான் இடிக்கலாம். பந்தோடு நின்று யோசிக்கிற பையனுக்குத்தான் அந்த இடி முழுசாக விழும். ஓடிக்கொண்டே கொடுத்துவிட்டுப் போகிறவனைப் பிடிப்பது கஷ்டம். 64 கிலோவை 72 ஆக்க அவசரப்பட வேண்டாம். ஒரு குளிர்காலம் முழுக்கப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது.

ஹெல்மெட்டில் ஐ.எஸ். 355 என்ற அயர்லாந்துத் தர முத்திரை இருக்கிறதா, முகக் கம்பியை அறுத்தோ வளைத்தோ வைத்திருக்கிறானா என்று இன்றே பாருங்கள். பார்வை நன்றாகத் தெரிய வேண்டும் என்று பையன்கள் இதைச் செய்கிறார்கள். அப்படிச் செய்த ஹெல்மெட்டை நம்பக் கூடாது. பந்து பிடிக்கிற கைக்கு உறை போடச் சொல்லுங்கள்.


டப்ளின் தென்பகுதி அப்பா:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் சின்னவனுக்கு 11 வயது. 13 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆள் குறைவு என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிடுகிறார்கள். பிறந்தது டிசம்பர். நன்றாக ஆடுகிறான் என்று கோச் சொல்கிறார். ஆனால் திரும்பி வரும்போது காரில் பேசவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?


பழைய செலக்டர்:

தம்பி, பதில் காரிலேயே கிடைத்துவிட்டதே. வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. டிசம்பரில் பிறந்தவன் தன் சொந்தப் பிரிவிலேயே கிட்டத்தட்ட ஒரு வருஷம் சின்னவன். அவனை அதற்கும் மேலே ஏற்றினால் எதிரே நிற்பவன் கிட்டத்தட்ட இரண்டு வயது பெரியவனாகக்கூட இருப்பான். அந்த வயதில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

12 வயது வரை கோ கேம்ஸ் என்று கோப்பை இல்லாமல், சின்ன அணிகளாக, எல்லோரும் முழு ஆட்டமும் ஆடும்படி வைத்திருப்பதே பந்து எல்லோர் கையிலும் போக வேண்டும் என்பதற்காகத்தான். தன் கூட்டத்தோடு ஆடினால் நாற்பது தடவை பந்தைத் தொடுவான், மேலே ஆடினால் நான்கு தடவை. ஆள் உண்மையிலேயே இல்லாத நாளில் உதவிக்கு ஒருமுறை போகட்டும். தன் வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது. இதை நீங்களே கோச்சிடம் சொல்லுங்கள், பையனைச் சொல்ல வைக்காதீர்கள்.


டிப்பரரி அம்மா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணா, உங்கள் மகன் கதையைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். முடியும்வரை எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "போய்க் கேட்போம், வா" என்று அவரே கிளம்பினார்.

மேனேஜர் உண்மையாகப் பேசினார். முதல் 15இல் இல்லை, 18 அல்லது 19ஆவது ஆள், யாருக்காவது அடிபட்டால் இறக்குவேன் என்றார். எத்தனை நிமிடம் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். செயலாளர் எங்கள் பை-லாவில் இருப்பதை மின்னஞ்சலில் அனுப்பினார். மேலே இறங்கிவிட்டால் இந்த வருஷம் ஜூனியர் பி சாம்பியன்ஷிப் ஆடுவது எங்கள் பையனுக்குச் சிக்கல் என்பது தெளிவாகிவிட்டது.

எனவே இப்படி ஒத்துக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை மட்டும் முதல் அணியோடு பயிற்சி. சாம்பியன்ஷிப் ஜூனியர் பி அணிக்கு. குரூப் ஆட்டங்கள் முடிந்ததும் இரண்டு மேனேஜர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். பிசியோ தங்கை சொன்ன தாளை எழுதிப் பார்த்தால் அவன் வாரத்தில் ஆறு நாள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு ஜூனியர் மேனேஜரே வியாழக்கிழமைப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தார்.

மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஹூக் எத்தனை என்று கேட்டேன். "மூன்று ஆட்டத்தில் ஏழு" என்று உடனே சொன்னான். அண்ணா சொன்னது சரி, கணக்கு வைத்திருந்தான்.


டிப்பரரி அம்மா (ஐந்து வாரம் கழித்து):

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். முதல் சுற்று முடிந்தது. 12ஆம் எண் ஜெர்ஸி, 60 நிமிடமும் ஆடினான். முதல் பாதியில் இரண்டு முறை ஹூக் ஆனான், ஒரு பாயிண்டை வெளியே அடித்தான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் பாதியில் பலவீனமான இடது பக்கம் பந்து வந்தது, பின்னால் ஒருவர் நெருங்கினார், இவன் நிமிரக்கூட இல்லை, குட்டையாக அடித்துவிட்டான். கம்பத்துக்கு நடுவே மேலே போனது. இரண்டு பாயிண்டில் ஜெயித்தார்கள். விரல் பத்தும் முழுசாக வீட்டுக்கு வந்தன.

முதல் அணி மேனேஜர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவன் ஹர்லியை வாங்கிக் கையில் எடை பார்த்தார். "35 அங்குலம் உனக்கு நீளம். செவ்வாய்க்கிழமை 34 கொண்டு வா" என்றார். இன்று காலை எட்டு மணிக்கே ஹர்லி செய்கிறவர் பட்டறைக்குப் போய்விட்டான்.